வெட்ட வேண்டிய இடம்

“எல்லாத்தையும் போன்ல போட்டுக் குடு. அந்த ஒரு இடத்த மட்டும் வெட்டிடு” என்றாள் அக்கா. வாசலில் ஒரு செருப்பைக் கழற்றியிருந்தாள். இன்னொன்று காலிலேயே இருந்தது. கையில் தலையணை உறைக்குள் அப்பாவின் இசைத்தட்டு.

எந்த இடம் என்று தம்பி கேட்கவில்லை. சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த இடம் அது. ஆர்மோனியத்தை வாசித்துக்கொண்டே அப்பா பாடிவருவார். பாதியில் பாட்டு நின்றுபோகும். இரண்டு மூன்று பெருமூச்சு கேட்கும். பிறகு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல், “ஏய்... போதும்... நிறுத்து...” என்று அதட்டும். அப்புறம் மிச்சப் பாட்டு. அந்த ‘ஏய்’ யாருக்கு என்பதிலும் சந்தேகம் இல்லை. பாட்டைப் பதிந்த அன்று அந்த அறையில் இருந்த பிள்ளைகள் இரண்டே பேர். கைக்குழந்தையாக அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தவன் தம்பி. அப்பாவின் முதுகுக்குப் பின்னால் எட்டு வயதில் உட்கார்ந்திருந்தவள் அக்கா.

“வெட்டறதெல்லாம் எனக்குப் பிடிக்காதுக்கா. இருமல் இருந்தா இருமலோடதான் ஏத்துவேன்.”

“உன் கொள்கைய உன் தட்டுங்ககிட்ட வெச்சுக்கோ. என் பொண்ணு தாத்தா குரல் வேணும்னு கேக்கறா. அவர் என்னைத் திட்டறத அவ எதுக்குக் கேக்கணும்?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் சிரிப்பை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. வேலைக்காலம் முழுக்கப் பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தவள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடமெல்லாம் ‘கொஞ்சம்கூட வலிக்காது’ என்று சொல்லிச் சொல்லி அந்தச் சிரிப்பு முகத்திலேயே குடியேறிவிட்டது. தனக்கு வலிக்கும்போதும் அதே சிரிப்புதான் வரும்.

அந்தத் தட்டு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். கடையில் வாங்கியது அல்ல. அப்பாவின் சிநேகிதர் ஒருவர் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். சட்டைப்பையில் எப்போதும் கிராமபோன் ஊசி டப்பா இருக்கும் என்பதால் அவருக்கு வீட்டில் ஊசி மாமா என்று பெயர். எங்கேயோ ஏலத்தில் இசைத்தட்டு வெட்டும் இயந்திரம் ஒன்றைப் பிடித்துவிட்டார். அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க அவருக்கு ஒரு பலி ஆடு தேவைப்பட்டது. அப்பா கழுத்தை நீட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேராகச் சேர்ந்து அதை மாடிக்குத் தூக்கிவந்தார்கள். சன்னலை எல்லாம் சாத்தினார்கள். குழாயைக்கூடத் திறக்கக் கூடாது என்று அம்மாவுக்கு உத்தரவு. ஊசி தட்டைக் கீறக் கீற, தலைமுடி போலக் கறுப்பு இழை சுருண்டு சுருண்டு வந்ததும், மாமா அதை வாயால் ஊதி ஊதித் தள்ளியதும் அக்காவுக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமையில் அவளிடம் மிஞ்சியது அவ்வளவுதான். மறு வருஷமே அப்பா போய்விட்டார். அம்மா தட்டைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். தன் காலம் முடியும்வரை அதை வெளியே எடுக்க விடவில்லை. கேட்டால் ஒரே பதில்தான்: “அன்னிக்கு அந்த மனுஷன நீ எங்க நிம்மதியாப் பாட விட்ட?” சொல்லிவிட்டு அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அது கோபமா, அழுகையா என்று அக்காவுக்குப் பிடிபட்டதே இல்லை.

அம்மா போன பிறகு பங்கு பிரித்தார்கள். ஆர்மோனியம் தம்பிக்கு, தட்டு அக்காவுக்கு. சண்டை சச்சரவு இல்லாமல் நடந்த பங்கு. ஏனென்றால் பிரிக்க வேறு எதுவும் இல்லை.

அப்போது சிடி கொடிகட்டிப் பறந்த காலம். தம்பி லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் ஊரார் மாடிக்கு ஏறி இறங்க வழி பண்ணிவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்தால் பழைய தட்டுகளைச் சிடியில் ஏற்றுவான். தெருவில் பாதிப் பேர் தங்கள் தட்டுகளோடு அவன் வீட்டுக் கூடத்தில் காத்திருப்பார்கள். யாருக்குக் கல்யாணம் என்றாலும் இவன் கொடுப்பது சிடிதான். காலி சிடிகள் கம்பியில் கோபுரமாக அடுக்கியிருக்கும். ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டால் அது எழுதி முடிக்கும்வரை யாரும் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது, பக்கத்தில் தும்மக்கூடாது. தும்மினால் சிடி வீணாகிவிடும் என்று ஒற்றைக்காலில் நிற்பான். அவன் மனைவி அந்தக் காலத்தில் தும்மலை அடக்கி அடக்கியே தனக்குத் தலைவலி வந்தது என்று இன்றைக்கும் சொல்வாள். ஆனாலும் அது நல்ல காலம்தான். ஒரு பாட்டைக் கேட்க ஒரு வீட்டுக்கு நடந்து போக வேண்டியிருந்தது. போனால் தேநீர் கிடைத்தது. இப்போது பாட்டெல்லாம் சட்டைப்பையில் இருக்கிறது, யார் வீட்டுக்கும் யாரும் போவதில்லை.

அப்படி ஒரு நாள்தான் அப்பாவின் தட்டும் சிடியானது. சொந்தம் அத்தனையும் கூடி உட்கார்ந்து கேட்டார்கள். என்ன ஒரு குரல்! இடி இறங்கிவருகிற மாதிரி, நிறுத்தி நிதானமாக,

மழையில நனையாமக் குடைபிடிச்சேன்
குடை நனையுதே, என்ன செய்ய?

என்று அப்பா பாடினார். அவரே கட்டிய பாட்டு. “எவ்வளவு பெரிய தத்துவம்!” என்று சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன்னைக் காப்பாற்றுகிறவனை யார் காப்பாற்றுவது என்று அண்ணன் கேட்கிறார் என விளக்கமும் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்து அந்த அதட்டல் வந்தது. “பாரு, உன்னைத்தான்!” என்று அக்காவின் தோளில் தட்டி அதே சித்தப்பா சிரித்தார். கூடமே சிரித்தது. அக்காவும் சிரித்தாள், பல் ஆஸ்பத்திரிச் சிரிப்பு. எத்தனையோ வருஷம் கழித்து அப்பாவின் குரலைக் கேட்கிறோம் என்று ஆசை ஆசையாக வந்தவள். அந்தக் குரல் தன்னிடம் பேசிய ஒரே பேச்சு ‘நிறுத்து’. வீட்டுக்குப் போய்ச் சிடியை அலமாரியில் துணிகளுக்குப் பின்னால் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் அதைப் போட்டதே இல்லை.

இப்போது அந்தச் சிடியும் உதவாது. மேலே அழகாகத் தாள் ஒட்டிப் பெயரெழுதிக் கொடுத்திருந்தான் தம்பி. தாள் காய்ந்து உரிந்தபோது கூடவே வெள்ளிப் பூச்சையும் உரித்துக்கொண்டு வந்துவிட்டது. சொந்தக்காரர்கள் வீடுகளில் இருந்த பிரதிகளுக்கும் அதே கதி. பாட்டின் ஆரம்பம் மட்டும் ஓடும். பிறகு திக்கித் திக்கி நின்றுவிடும். தட்டும் சாகக் கிடந்தது. அதன் கறுப்புப் பூச்சில் பல இடங்களில் விரிசல்.

“இது ஒரு தடவைதான் தாங்கும். இன்னொரு தடவை ஊசி வெச்சா பூச்சு கையோட வந்துடும்” என்றான் தம்பி. அவன் பின்கட்டு அறை முழுக்கத் தட்டும் சிடியும்தான். மனிதர்கள் நிற்கத்தான் இடம் தேட வேண்டும். தட்டை மெல்லிய தூரிகையால் ஈரம் தொட்டுத் துடைத்தான். புது ரெக்கார்டு பிளேயரில் வைத்தான். ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் வாங்கியது. வீட்டில் அதற்குக் கிடைக்கும் மரியாதை தனக்கு இல்லை என்பது மனைவியின் குறை.

“ஓடட்டும். அந்த இடம் வர்றப்ப நான் இங்க இருக்க மாட்டேன்” என்றாள் அக்கா.

ஊசி இறங்கியது. கரகரவென்ற இரைச்சலுக்கு நடுவே ஆர்மோனியம் கிளம்பியது. தம்பியின் முகம் மாறியது. பாட்டு ஓட்டமும் நடையுமாகப் போனது. அப்பாவின் குரல் மெலிந்து, துள்ளிக்கொண்டு வந்தது.

“என்னடா இது, பள்ளிக்கூடப் பையன் பாடற மாதிரி இருக்கு?”

“வேகமா ஓடுதுக்கா!” தம்பி குனிந்து பார்த்தான். தட்டைச் சுமந்து சுழலும் பிளேயர் வட்டின் விளிம்பில் இருந்த புள்ளிகள் விளக்கொளியில் அசையாமல் நின்றன. வேகம் சரி என்பதற்கு அதுதான் அடையாளம். “பிளேயர் சரியாத்தான் ஓடுது. ஊசி மாமா மெஷின்தான் தப்பா வெட்டியிருக்கு. பரவால்ல, நிறுத்த வேணாம், ஏறட்டும். அப்புறமா கம்ப்யூட்டர்ல வேகத்தக் கொறச்சு நம்ம சிடிக்குச் சரியாக் கொண்டாந்துடறேன்.”

முதல் அடி முடிந்ததும் அக்கா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். தம்பி மனைவி தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தாள். இருவரும் விலைவாசி பேசினார்கள். அக்கா தம்ளரைக் கையில் வைத்திருந்தாளே தவிர ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. பின்கட்டில் இரைச்சல் ஓய்ந்த பிறகுதான் குடித்தாள். ஆறிப்போயிருந்தது.

“வா வா, அப்பா வந்தாச்சு!” என்று தம்பி கூப்பிட்டான். திரையில் ஒரு குமிழை இடப்பக்கம் இழுத்து, பாட்டின் தொடக்கத்தைச் சிடியோடு ஒத்துப்பார்த்திருந்தான். மறுபடி அந்த இடிக்குரல். “இப்ப பாரு. இதுதானே நம்ம அப்பா?”

அக்கா தலையாட்டினாள். அப்படித்தானே இத்தனை வருஷமாக இருந்தார்.

தம்பி மனைவி நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். அவள் மாமனாரைப் பார்த்ததில்லை, அதனால் அவளுக்குக் கட்சி இல்லை. “ஏங்க, அந்த ஆர்மோனியப் பொட்டி இங்கதானே இருக்கு? அவர் வாசிச்ச அதே பொட்டி. அத அமுக்கிப் பாத்தா எது சரின்னு தெரிஞ்சுடப் போகுது.”

“அது கெடக்குது பழம்பொட்டி. ஸ்ருதியெல்லாம் எப்பவோ போயிருக்கும்.”

“ஒண்ணு ரெண்டு கட்ட போயிருக்கும். மொத்தக் கட்டையும் பேசி வெச்சுக்கிட்டா போகும்?”

தம்பி முனகிக்கொண்டே எழுந்தான். ஆர்மோனியத்தின் மேலிருந்த சிடிகளை இறக்க மூன்று பேரும் சேர வேண்டியிருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்தாள். தம்பி மனைவி துருத்தியைப் பிடித்துக்கொண்டாள். பாட்டின் தொடக்கத்தில் அப்பா நீட்டிப் பிடித்த சுரத்தைத் தம்பி திரும்பத் திரும்ப ஓட விட்டான். அக்கா ஒவ்வொரு கட்டையாக அழுத்திக்கொண்டே போனாள்.

ஒரு கட்டை கீழே நின்றது. அதற்கு அடுத்த கட்டை மேலே போய்விட்டது. அப்பாவின் சுரம் இரண்டுக்கும் நடுவில், கட்டையே இல்லாத இடத்தில் இருந்தது. அக்கா மறுபடியும் அழுத்திப் பார்த்தாள். இல்லை. அடுத்த சுரத்தைத் தேடினாள். அதுவும் இல்லை.

“நான் சொல்லல, ஸ்ருதி போச்சுன்னு?”

“கொறைக்காம, தட்டுல இருந்தபடியே போடுங்க” என்றாள் மனைவி.

தம்பி குமிழைப் பழையபடி நடுவுக்குக் கொண்டுவந்தான். சுரம் மேலேறியது. அக்கா விரலை மூன்று கட்டை தள்ளி வைத்தாள். சட்டென்று இரண்டு ஒலியும் ஒட்டிக்கொண்டன. எது பெட்டி, எது பதிவு என்றே தெரியவில்லை. அடுத்த சுரம், அதற்கடுத்தது, எல்லாம் கையெட்டும் இடத்தில் வரிசையாகக் கிடைத்தன.

தம்பி குமிழையும் கட்டையையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அப்ப ஊசி மாமா மெஷின்...” என்று தம்பி இழுத்தான்.

“அவர ஏன் இழுக்கறீங்க? சிடி போட்ட அன்னிக்கு தட்டு குதிக்குது குதிக்குதுன்னு என்ன பண்ணீங்க? பழைய பிளேயர்ல ஊசி இருக்கற கை மேல ரெண்டு காசு வெச்சு, பத்தலன்னு நம்ம பாப்பாவோட ரப்பரையும் வெச்சு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டல? பரீட்சைக்கு ரப்பர் இல்லன்னு பாப்பா அழுதா. எனக்கு மறக்குமா?”

அந்தப் பிளேயரின் மோட்டார் ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதன் தலையில் இவ்வளவு பாரத்தையும் ஏற்றினால் தட்டு எப்படிச் சுற்றும்? ஆளுக்கு மேல் ஆள் ஏறினால் லிஃப்ட் இழுக்காது என்று ஊருக்கெல்லாம் அட்டை மாட்டியவன் அவன். குதிக்காமல் ஓடுகிறது என்ற சந்தோஷத்தில், மெதுவாக ஓடுகிறது என்பதைக் கவனிக்கவே இல்லை. அப்பாவின் குரல் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியவும் தெரியாது. தெரிந்த அக்காவோ, கேட்டதும் பெரியவர்கள் தலையாட்டியதைப் பார்த்துத் தானும் தலையாட்டிவிட்டாள்.

“அப்ப சித்தப்பா சொன்ன தத்துவம்?” என்றான் பரிதாபமாக.

“தத்துவமாவது மண்ணாங்கட்டியாவது. அது கொழந்தைக்குப் பாடற பாட்டுடா” என்றாள் அக்கா. சொன்ன பிறகுதான் அந்தக் குழந்தை யார் என்பது அவளுக்கு உறைத்தது. தம்பிக்கு அப்போது பேச்சே வந்திருக்கவில்லை. குடை நனைவதைக் கேட்டுச் சிரிக்கும் வயதில் அந்த வீட்டில் இருந்தவள் ஒருத்திதான்.

தம்பி அசடு வழிந்துகொண்டே திரைப் பக்கம் திரும்பினான். “சரிக்கா. வெட்டச் சொன்னியே. எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கணும்னு காட்டு. நானா வெட்டினா பாட்டுல கை வெச்சுடுவேன்.”

அதை அக்கா யோசித்திருக்கவில்லை. வெட்ட வேண்டுமென்றால் கேட்டுத்தான் ஆக வேண்டும். பல் பிடுங்க வருகிறவர்கள் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடிப்பதைத் தினம் தினம் பார்த்தவள், தானும் அப்படியே ஆர்மோனியத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “போடு.”

பாட்டு துள்ளிக்கொண்டு வந்தது. குடை நனைந்தது, குடைக்கு ஒரு குடை பிடித்தார்கள், அந்தக் குடையும் நனைந்தது. அப்பாவின் குரலில் ஒரு குறும்பு இருந்தது. இத்தனை வருஷமாகக் காணாமல் போயிருந்த குறும்பு. அடுத்த அடியின் நடுவில் குரல் நடுங்கியது. பாட்டு நின்றது.

பெருமூச்சு வர வேண்டிய இடத்தில் பெருமூச்சு வரவில்லை. சிரிப்பு வந்தது. அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல், மூக்கு வழியாகப் பீறிட்டு வந்த சிரிப்பு. “ஏய், போதும்! நிறுத்து!” என்று மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே அப்பா கெஞ்சினார். அவருக்குப் பின்னால் இன்னொரு ஒலியும் கேட்டது. சிடியில் அது யாரோ இருமுவதுபோல இருக்கும். அம்மா என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். இப்போது அது ஒரு சின்னப் பெண் கிளுகிளுவென்று சிரிக்கும் சிரிப்பாக இருந்தது.

அக்காவின் விரல்கள் தாமாக மடங்கின. ஞாபகம் தலையில் வரவில்லை, கையில் வந்தது. சட்டைத் துணியின் சொரசொரப்பு, அதற்குள்ளே நெளிகிற இடுப்பு, ‘அம்மா முறைக்கிறாள், முறைக்கட்டும்’ என்ற திமிர். ஊசி ஓடிக்கொண்டிருக்கிறது, அப்பாவால் எழுந்திருக்க முடியாது, பேசவும் கூடாது. அதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒரு எட்டு வயதுக்காரிக்கு எப்போது கிடைக்கும்?

“அவருக்கு ஒரு கை கட்டை மேல, ஒரு கை துருத்தியில” என்றாள். “ரெண்டு கையும் வேலையா இருந்துச்சுடா. என்னைத் தடுக்கவே முடியல அவரால. நான்தான்... நான்தான்டா கிச்சுகிச்சு மூட்டினேன்.”

தம்பி மனைவி துருத்தியை விட்டுவிட்டு அக்காவின் முதுகில் கை வைத்தாள். அக்கா அழுதாள். பல் ஆஸ்பத்திரிச் சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. “கோவமே இல்ல பாரேன். கொஞ்சம்கூட இல்ல” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டது கோபத்தில் அல்ல என்றும் இப்போது புரிந்தது. கூப்பிட்டுச் சொல்ல அம்மாதான் இல்லை.

“இன்னொரு தடவ போடு.”

போட்டான். அவனும் கேட்டான். அப்பா சிரிப்பதை அவன் பிறந்ததிலிருந்து இன்றுதான் கேட்கிறான். நான்காவது தடவையா ஐந்தாவது தடவையா என்ற கணக்கு விட்டுப்போன பிறகு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, திரையில் அந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் கோடு போட்டுக் காட்டினான். “இதுதானே? இப்ப என்னக்கா பண்ண, வெட்டவா?”

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“பாட்ட வேணும்னா வெட்டிக்கோ. இதுல கை வெச்ச, தொலைச்சுடுவேன்.”